குவில்டில் தையல் வரிகளின் இடைவெளி: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மேல்துணி, நடுவே பேட்டிங் எனப்படும் பஞ்சடுக்கு, அடியில் பின்துணி என்று மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல் வரிகள்தாம் குவில்டுக்கு உருவம் தருகின்றன. அந்த வரிகளுக்கு இடையே எவ்வளவு இடம் விடலாம் என்ற கேள்வி எழுந்ததும், பேட்டிங் உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணையே விடையாக எடுத்துக்கொள்பவர்கள் பலர். அந்த எண் தாண்டக்கூடாத எல்லையைச் சொல்கிறது. உங்கள் குவில்டுக்கு ஏற்ற அளவைச் சொல்வதில்லை. ‘8 அங்குலம் வரை’ என்று உறையில் இருந்தால், அதற்கு மேல் தையல் இல்லாமல் விட்ட இடத்தில் பஞ்சு நகரவோ கிழியவோ கூடும் என்பதே பொருள். வாரந்தோறும் துவைக்கப்படும் குழந்தைப் போர்வைக்கும், சுவரில் தொங்கப்போகும் அலங்காரத் துணிக்கும் அந்த ஒரே எண் பொருந்தாது.

இந்த எல்லை பேட்டிங்குக்குப் பேட்டிங் பெரிதும் மாறுபடும். முள் வைத்த ஊசிகளால் குத்திக் குத்தி இழைகளைப் பின்னி, ஸ்கிரிம் என்னும் மெல்லிய வலைத்தாளையும் சேர்த்து அழுத்திய பருத்தி பேட்டிங்குக்கு 8 முதல் 10 அங்குலம் வரை உறையில் அனுமதி இருப்பதைக் காணலாம். ஸ்கிரிம் இல்லாத பருத்திக்கு 3 அல்லது 4 அங்குலமே எல்லையாக இருப்பது வழக்கம். கம்பளி, பாலியஸ்டர் வகைகள் பெரும்பாலும் 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலத்துக்குள் அமைகின்றன என்றாலும் தயாரிப்புக்கு ஏற்ப இதுவும் மாறும். எனவே எந்த அறிகுறி தென்பட்டாலும், தையல் பிரிக்கும் சிறு கருவியான சீம் ரிப்பரைக் கையில் எடுப்பதற்கு முன் மூன்று விவரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பேட்டிங் எந்த இழையால் ஆனது, உறை சொல்லும் எல்லை எவ்வளவு, உங்கள் குவில்டில் தையலே விழாத மிகப் பெரிய இடத்தின் குறுக்களவு எவ்வளவு. மூன்றாவது எண்ணை ஊகிக்காமல் அளவுநாடாவை வைத்து அளந்து எழுத வேண்டும். நான் பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல் அந்த ஓர் எண்ணிலேயே புலப்பட்டுவிட்டன.

அறிகுறி: துவைத்த பிறகு உள்ளே பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டிருக்கிறது

குவில்டை நன்றாகக் காயவைத்து, வெளிச்சம் வரும் சன்னலுக்கு எதிரே இருவர் பிடித்து உயர்த்திப் பாருங்கள். பஞ்சு சீராக இருக்கும் இடம் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும். பஞ்சு விலகிய இடத்தில் வெளிச்சம் பளிச்சென ஊடுருவி, பின்துணியின் பூவேலைகூட மேல்துணி வழியே தெரியும். அதன் அருகிலேயே, பெரும்பாலும் தையல் வரியை ஒட்டி, கருத்த திட்டு ஒன்று இருக்கும். விரல் நுனிகளால் அந்தத் திட்டைத் தடவினால், ஈரம் பட்டு இறுகிய பஞ்சு உருண்டை கையில் தட்டுப்படும். இது இடைவெளி அதிகமானதால் வந்த பழுது என்பதில் ஐயமில்லை.

இதற்கு நான் அடிக்கடி காணும் காரணம், தைத்தவர் இடைவெளியைத் தாமாகத் தேர்ந்தெடுக்காமல் கட்டங்களின் இணைப்புத் தையலிடமே அந்தப் பொறுப்பை விட்டுவிடுவது. 10 அங்குலக் கட்டங்களை இணைத்து, இணைப்புக் கோடுகளின் பள்ளத்திலேயே குவில்டிங் தையலையும் ஓட்டினால், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 10 அங்குல வெற்றிடம் இருக்கும். மேலிருந்து பார்க்கும்போது குவில்ட் முழுமையாகத் தைக்கப்பட்டதுபோலவே தோன்றும். பேட்டிங்கின் எல்லை 4 அங்குலமாக இருந்தால், முதல் துவையலிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும்.

பஞ்சு விலகியிருந்தாலும் அறுந்து போகாத நிலையில், அந்த இடத்தைத் தட்டையான மேசையில் விரித்து, வெளியிலிருந்தே உள்ளங்கையால் திட்டைத் தட்டித் தட்டி வெற்றிடத்தை நோக்கிப் பரப்புங்கள். பரவியதும் ஊக்குகளால் பிடித்துக்கொண்டு, பழைய வரிகளுக்கு நடுவே புதிய வரிகளைத் தைத்துவிடுங்கள். பள்ளத் தையல் போட்ட கட்டக் குவில்டாக இருந்தால், மூலைக்கு மூலை சாய்வாகச் செல்லும் வரிகள் பார்வைக்கும் அழகு, கணக்குக்கும் எளிது. கட்டத்தின் பக்க அளவை 1.4 ஆல் வகுத்தால், சாய்வு வரிகளுக்கு இடையேயான தூரம் கிடைத்துவிடும். 5 அங்குலக் கட்டங்களின் எல்லா மூலைகள் வழியாகவும் சாய்வாகத் தைத்தால் இடைவெளி ஏறத்தாழ 3.5 அங்குலம். 10 அங்குலக் கட்டத்துக்கு இதே முறையில் 7 அங்குலம் வரும். எல்லை 4 அங்குலமானால் இடையில் இன்னொரு சாய்வு வரியும் தேவை.

பஞ்சு முழுவதும் அறுந்து இரண்டு துண்டாகிவிட்டால், மேலே எத்தனை வரிகள் தைத்தாலும் அது ஒட்டாது. அந்தப் பகுதியின் ஓரப்பட்டியையும் அருகிலுள்ள வரிகளையும் பிரித்து, கிழிசலின் இரு விளிம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டவைத்துக் கையால் தளர்வாக இணைத்து, பஞ்சு குறைந்த இடத்தில் அதே வகைப் பேட்டிங் துண்டை வைத்துத்தான் மூட வேண்டும். நீண்ட வேலை இது. ஆனாலும் குறுக்குவழி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அறிகுறி: குவில்ட் அட்டைபோல விறைத்து நிற்கிறது, உடலோடு படியவில்லை

மேலே சொன்னதற்கு நேர் எதிரான பிழை இது. ஆனாலும் உடனே பிரிக்கத் தொடங்காதீர்கள். துவைக்காத குவில்டில் துணியின் கஞ்சியும் சில வகை பேட்டிங்கில் உள்ள பிசினும் சேர்ந்து விறைப்பைக் கூட்டும். தெளிப்புப் பசையால் அடுக்குகளை ஒட்டியிருந்தால் அதுவும் சேரும். ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகும் விறைப்பு குறையாவிட்டால்தான் இடைவெளியைக் குற்றம் சொல்லலாம்.

சோதிக்க எளிய வழி, குவில்டின் ஒரு மூலையை மேசை விளிம்புக்கு வெளியே ஓர் அடி நீளம் தொங்கவிடுவது. மேசை விளிம்பிலேயே வளைந்து கீழ்நோக்கி விழுந்தால் போர்த்துக்கொள்ள ஏற்றது. பலகைபோல வெளியே நீட்டிக்கொண்டு நின்றால், வரிகள் அந்தப் பயன்பாட்டுக்கு மிக நெருக்கமாக விழுந்திருக்கின்றன. கால் அங்குல இடைவெளியில் வரிசையாகத் தைத்த துணி, பைக்கும் மேசை விரிப்புக்கும் சுவர் அலங்காரத்துக்கும் மிகப் பொருத்தமானது. படுக்கைக்கு அது பொருந்துவது அரிது. இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பளியும் தடித்த பாலியஸ்டரும் கதகதப்பைத் தருவது, அவற்றின் இழைகளுக்கிடையே தங்கும் காற்றால். நெருக்கமான வரிகள் அந்தப் பருமனை நசுக்கிவிடுவதால், பருமனான பஞ்சை வாங்கிப் போட்டும் மெல்லிய போர்வைதான் மிஞ்சும்.

தீர்வு, ஒன்றுவிட்டு ஒரு வரியைப் பிரிப்பதே. அரை அங்குலம் 1 அங்குலமாகும். அதுவும் போதாவிட்டால் மறுபடியும் ஒன்றுவிட்டு ஒன்று. பின்பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாகச் சீம் ரிப்பரால் அறுத்து, மேல்பக்க நூலை மெல்ல இழுத்தால் வரி முழுவதும் துணி கிழியாமல் வந்துவிடும். ஊசித் துளைகள் தெரிந்தால் நீர் தெளித்து நகத்தால் இரு திசையிலும் தேய்த்துவிடுங்கள். நெருங்கிய நெசவுள்ள பாட்டிக் துணியில் மட்டும் துளைகள் எளிதில் மூடுவதில்லை. பிரிக்கும் முன் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: ஓரங்கள் அலைபோல நெளிகின்றன, அல்லது நடுப்பகுதி குமிழ்கிறது

இடைவெளி பற்றிய பேச்சில் பலரும் தவறவிடும் இடம் இதுதான். 1 அங்குலமா 3 அங்குலமா என்று நெடுநேரம் யோசிக்கிறார்கள். குவில்ட் முழுவதும் அடர்த்தி சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. தேர்ந்தெடுத்த எண் சற்று முன்பின் ஆனாலும் குவில்ட் பொறுத்துக்கொள்ளும். ஓரிடத்தில் நெருக்கம், அடுத்த இடத்தில் வெறுமை என்றால் அது பொறுக்காது.

காரணம், ஒவ்வொரு தையல் வரியும் துணியைச் சிறிதளவு உள்ளே இழுக்கிறது. நூல் இறங்கும் இடத்தில் துணி பள்ளமாகிறது, இரு வரிகளுக்கு நடுவே மேடாகிறது. தட்டையாக இருந்த துணி மேடுபள்ளமாகும்போது அதன் அகலம் குறையத்தான் வேண்டும். ஒரு வரிக்கு அரை மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், 100 வரிகளுக்கு 50 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 2 அங்குலம் குறைகிறது. நடுப்பகுதியை அரை அங்குல இடைவெளியில் தைத்துவிட்டு, 6 அங்குல அகலமுள்ள கரையை ஒரே ஒரு வரியோடு விட்டால், நடுப்பகுதி சுருங்கிவிடும், கரையோ தன் பழைய நீளத்திலேயே இருக்கும். மிஞ்சிய நீளத்துக்குப் போக இடமில்லாததால் அது அலையாகிறது. கரை நெருக்கமாகவும் நடுப்பகுதி தளர்வாகவும் இருந்தால், ஓரம் இறுகி, நடுப்பகுதி கவிழ்த்த தட்டுபோல எழும்பும்.

குவில்டைத் தரையில் விரித்து, நடுவழியாக ஒருமுறையும் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு முறையும் நீளத்தை அளந்து பாருங்கள். ஓரத்து அளவுகள் நடு அளவைவிட அரை அங்குலத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அலைக்கான காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் கரைத்துணியை அளக்காமல் நீளமாக வெட்டி, மீந்ததைக் கத்தரித்து இணைத்திருந்தாலும் இதே நெளிவு வரும். குவில்டிங் தொடங்கும் முன்பே மேல்துணி நெளிந்திருந்ததா என்பதை நினைவுகூருங்கள். அப்போதே நெளிந்திருந்தால் பிழை இணைப்பில் இருக்கிறது. வரிகளைக் கூட்டுவதால் ஓரளவே அடங்கும்.

அடர்த்தி வேறுபாடுதான் காரணம் என்றால், கரையிலும் நடுப்பகுதிக்கு நெருங்கிய இடைவெளியில் வரிகளைச் சேர்த்துவிடுங்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைக்காமல், கரையின் நடுவிலிருந்து இரு மூலைகளை நோக்கித் தைத்தால் மிஞ்சிய துணி சீராகப் பரவும். பிறகு குவில்டை ஈரமாக்கி, தரையில் விரித்து, ஓரங்களை அளவோடு நேராக்கிக் குண்டூசியால் நிறுத்தி உலரவிடுங்கள். மிக நெருக்கமான பகுதியின் இடைவெளியைவிட மிகத் தளர்ந்த பகுதியின் இடைவெளி மூன்று மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். இறகு வடிவமோ பூவோ எழும்பித் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுற்றிலும் நெருக்கித் தைப்பவர்கள் அந்த நெருக்கத்தைக் குவில்டின் நான்கு திசைகளிலும் சமமாகப் பகிர்ந்து வைத்தால் போதும்.

அறிகுறி: இரு வரிகளுக்கு நடுவே சாய்வான சுருக்கங்கள்

எந்திரத்தில் தைக்கும்போது கீழ்ப்பற்கள் பின்துணியை இழுத்துச் செல்ல, பாதத்தின் அழுத்தத்தால் மேல்துணி சற்றே பின்தங்கி, ஊசிக்கு முன்னால் சிறு அலையாகக் குவிகிறது. ஒரு வரியை மேலிருந்து கீழாகவும் அடுத்த வரியைக் கீழிருந்து மேலாகவும் தைத்தால், அந்தக் குவிதல் எதிரெதிர்த் திசைகளில் நிகழ்ந்து, நடுவிலுள்ள துணி முறுக்கிக்கொள்கிறது. 3 அங்குல இடைவெளியில் பஞ்சின் பருமனே இந்த முறுக்கை விழுங்கிவிடும். 1 அங்குலத்துக்குக் கீழே போனால் ஒளிய இடமில்லாமல், கோடு கோடாகச் சாய்ந்து தெரியும்.

மேல்துணியையும் பின்துணியோடு ஒருசேர நகர்த்தும் பாதமான வாக்கிங் ஃபுட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்து, தையல் நீளத்தை 2.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைவிடப் பெரிய பயன் தருவது வரிகளைத் தைக்கும் ஒழுங்குதான். நடுக்கோட்டை முதலில் தைத்து, அதிலிருந்து ஒரு பக்கமாக 8 அங்குலத்துக்கு ஒன்றாக வரிகளை இட்டுச் செல்லுங்கள். எல்லாம் ஒரே ஓரத்திலிருந்து தொடங்கட்டும். பிறகு குவில்டைத் திருப்பி, மறுபாதியையும் அப்படியே முடியுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வோர் இடைவெளியின் நடுவிலும் ஒரு வரி. 8 என்பது 4 ஆகும். அதற்கடுத்த சுற்றில் 2. வேண்டுமானால் 1.

இந்த ஒழுங்கை நான் மிகவும் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வரிகளைச் சேர்ப்பது எளிது, பிரிப்பது கடினம். பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குவில்டை மடியில் விரித்துத் தொட்டுப் பார்த்து, இங்கேயே நிறுத்தலாமா இன்னும் ஒரு சுற்று போகலாமா என்று முடிவெடுக்க முடிகிறது. பேட்டிங்கின் எல்லைக்குள் வந்த பிறகு எந்தச் சுற்றிலும் நிறுத்தலாம். ஓர் ஓரத்திலிருந்து அரை அங்குல வரிகளாகவே தைத்துச் செல்பவருக்கு இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. தொடங்கியதை முடித்தே ஆக வேண்டும்.

அறிகுறி: பின்துணியில் மடிப்புகள் தைக்கப்பட்டுவிட்டன, அல்லது பஞ்சிழைகள் துணி வழியே வெளியே நீட்டுகின்றன

இவ்விரண்டையும் இடைவெளியைத் திருத்திச் சரிசெய்ய இயலாது. மடிப்புக்குக் காரணம் அடுக்குகளை முன்கூட்டியே சரியாகப் பிணைக்காதது. பின்துணியைத் தரையில் இறுக்கமாக, ஆனால் இழுபடாமல் ஒட்டுநாடாவால் நிறுத்தி, 3 அல்லது 4 அங்குலத்துக்கு ஓர் ஊக்கு வீதம் குத்த வேண்டும். கையை மூடிக் குவில்டின் மேல் எங்கே வைத்தாலும் ஓர் ஊக்காவது தட்டுப்பட வேண்டும் என்பது நல்ல அளவுகோல். இழைகள் வெளியே வருவது பேட்டிங்கின் தரத்தாலும் துணியின் தளர்ந்த நெசவாலும் நேர்வது. வரிகளைக் கூட்டினால் ஊசித்துளைகளும் கூடும், அவ்வளவே. நீட்டும் இழைகளைப் பிடித்து இழுக்காமல், துணியோடு ஒட்டக் கத்தரித்துவிடுங்கள்; இழுத்தால் பின்னாலேயே இன்னும் வரும்.

அறிகுறி: துவைத்த பிறகு மேல்துணியின் வடிவமே தெரியாதபடி சுருங்கிவிட்டது

பருத்தி பேட்டிங் முதல் துவையலில் 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்குவது இயல்பு. பாலியஸ்டர் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. சுருக்கத்தின் அளவைப் பஞ்சும் துணியும் தீர்மானிக்கின்றன. அது எந்த உருவில் வெளிப்படும் என்பதை இடைவெளி தீர்மானிக்கிறது. நெருங்கிய வரிகளில் சிறுசிறு நெளிவுகள் துணி முழுவதும் பரவும். அகன்ற வரிகளில் பெரிய, மென்மையான மேடுகள் எழும். பலர் இந்தப் பழைய போர்வைத் தோற்றத்தை விரும்பியே செய்கிறார்கள். நுணுக்கமான கட்டங்களைக் காட்ட விரும்பினால், வரிகளுக்கு இடையே 2 அங்குலத்துக்கு மேல் இடம் விட்டு, துணிகளை முன்னதாகவே துவைத்து, சுருக்கம் குறைந்த பேட்டிங்கைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே சுருங்கிய குவில்டை நனைத்து, அளவுக்கு இழுத்துக் குண்டூசியால் நிறுத்தி உலர்த்தினால் ஓரளவு விரியும். அடுத்த துவையலில் மீண்டும் சுருங்கும்.

அறிகுறி: வரிகள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை என்பது கண்ணை உறுத்துகிறது

அரை அங்குல இடைவெளியில் ஒரு வரி அரைக்கால் அங்குலம் விலகினால் அது இடைவெளியில் 25 விழுக்காடு. 2 அங்குல இடைவெளியில் அதே விலகல் 6 விழுக்காடுதான். ஆகவே கை இன்னும் பழகாதவர் அகன்ற இடைவெளியிலிருந்து தொடங்குவதே நலம். வியப்பாக, கால் அங்குலத்துக்கும் கீழே போனால் விலகல்கள் மறுபடியும் மறைந்துவிடுகின்றன. கண் தனித்தனி வரிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மொத்தத்தையும் ஒரு மேற்பரப்பாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. இடைப்பட்ட அளவுகளுக்கு, பாதத்தோடு இணையும் வழிகாட்டிக் கம்பியோ ஒட்டுநாடாவின் விளிம்போ போதுமான துணை. பாதத்தின் விளிம்பைப் பார்த்தே தைப்பவர்கள், ஐந்தாறு வரிகளுக்கு ஒருமுறை நடுக்கோட்டிலிருந்து அளந்து சரிபார்க்க வேண்டும். சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, கடைசி வரி சாய்ந்து நிற்பது இந்தச் சரிபார்ப்பு இல்லாததால்தான்.

அறிகுறி: பாதியில் நூல் தீர்ந்துவிட்டது

60 அங்குலச் சதுரக் குவில்டை ஒரே திசையில் 2 அங்குலத்துக்கு ஒரு வரியாகத் தைத்தால் 29 வரிகள், ஏறத்தாழ 44 மீட்டர் தையல். 1 அங்குலம் என்றால் 59 வரிகள், 90 மீட்டர். அரை அங்குலம் என்றால் 119 வரிகள், 181 மீட்டர். மேல்நூலும் பாபின் நூலும் சேர்ந்து தையல் நீளத்தைப்போல இரண்டரை மடங்குக்குக் குறையாமல் செலவாகும் என்று கணக்கிட்டு, தொடங்கும் முன்பே ஒரே சாய நிறத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கும் நெடுக்குமாகத் தைப்பதாக இருந்தால் எல்லாம் இரட்டிப்பு.

இன்னும் தைக்கத் தொடங்காதவருக்கு

அதே மேல்துணி, அதே பேட்டிங், அதே பின்துணி ஆகியவற்றில் 12 அங்குலச் சதுரங்கள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் 10 அங்குலச் சதுரம் ஒன்றின் நான்கு மூலைகளை மட்டும் அழுத்தமான வண்ண நூலால் முடிச்சிட்டுக் குறியுங்கள். நூல்முடிச்சு துவையலில் அழியாது. முதல் துண்டை அரை அங்குலத்திலும், இரண்டாவதை ஒன்றரை அங்குலத்திலும், மூன்றாவதை 3 அங்குலத்திலும் தைத்துவிட்டு, முடிச்சுகளுக்கு இடையேயான தூரத்தை அளந்து எழுதுங்கள். பின்னர் குவில்டை எப்படித் துவைக்கப்போகிறீர்களோ அப்படியே இவற்றையும் துவைத்து, காய்ந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். 10 அங்குலம் ஒன்பதரையாகியிருந்தால் 5 விழுக்காடு சுருங்கியிருக்கிறது. 60 அங்குலக் குவில்ட் 57 அங்குலமாகும் என்று இப்போதே தெரிந்துவிடும். படுக்கைக்கு 60 அங்குலம் தேவை என்றால், மேல்துணியை 63 அங்குலத்துக்கு மேல் இணைத்துக்கொள்ளலாம்.

மூன்று துண்டுகளையும் மேசை விளிம்பில் அருகருகே தொங்கவிட்டு, ஒவ்வொன்றும் எப்படி வளைகிறது என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையால் கசக்கியும் பாருங்கள். கைக்குப் பிடித்த துண்டின் பின்பக்கத்தில் அழியாத மையால் இடைவெளியையும் பேட்டிங்கின் வகையையும் எழுதி, உறையிலிருந்து வெட்டியெடுத்த விவரச் சீட்டையும் அதனோடு ஊக்கால் குத்தி வைத்துவிட்டு, பெரிய குவில்டின் நடுக்கோட்டைத் தைக்கத் தொடங்குங்கள்.